தீவு ரிசார்ட்டுக்குக் குடும்பத்தோடு போகும் முன்: தங்கும் இடம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

நம் கொங்குப் பக்கத்தில் விடுமுறை என்றால் ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல், ஏற்காடு. விடியக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அறை பிடிக்கவில்லை என்றால் பக்கத்து லாட்ஜ். சாப்பாடு சரியில்லை என்றால் கடைவீதியில் வேறு மெஸ். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் கோயமுத்தூர் வந்துவிடலாம்.

தீவில் இந்த மூன்றும் நடக்காது. மாலத்தீவை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட்தான். அங்கே சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அங்கே இருக்கும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், அவர்கள் படகில்தான் வெளியே வர வேண்டும். அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் ஈரோட்டிலோ திருப்பூரிலோ பொள்ளாச்சியிலோ வீட்டில் உட்கார்ந்தே யோசித்து முடித்துவிட வேண்டும். விளம்பரப் படங்கள் பெரும்பாலும் புதுமணத் தம்பதிகளை மனதில் வைத்து எடுத்தவை. மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்காரப் பாட்டியும் அந்தப் படங்களில் இருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பயணத்தில் இருப்பார்கள். அவர்களிடமிருந்துதான் தேர்வைத் தொடங்க வேண்டும்.

முதல் படி: யார் யார் போகிறோம்?

ஒரு தாளில் எல்லோருடைய பெயரையும், போகும் தேதியில் அவர்களுக்கு ஆகியிருக்கும் வயதையும் எழுதுங்கள். வயது ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான ரிசார்ட்டுகளில் 12 வயது முடிந்தாலே பெரியவர் கணக்கு. தங்கும் நாளில் பையனுக்கு 12 ஆகியிருந்தால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் படகுக்கும் பெரியவர் கட்டணம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் தேதி இருக்கிறது, பேச வழியில்லை. பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் பயணத்தை ஒரு வாரம் முன்னே தள்ளினாலே பெரிய தொகை மிஞ்சும்.

வயதுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள். அப்புச்சிக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பாடு வேண்டும். அம்மிச்சிக்குப் படி ஏற முடியாது. சின்னவளுக்குக் கார் பயணத்திலேயே வாந்தி. பெரியவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடுதிகளைப் பார்த்தால், பார்க்கும் பத்தில் ஏழு தானாகவே கழன்றுவிடும்.

இரண்டாம் படி: எந்த மாதம், எந்தத் தீவு?

நமக்கு லீவு கிடைக்கும் காலங்கள் நான்கு: ஏப்ரல்-மே முழுப் பரீட்சை விடுமுறை, காலாண்டு விடுமுறை, தீபாவளியை ஒட்டித் திருப்பூர் கம்பெனிகள் மூடும் நாட்கள், அரையாண்டு விடுமுறையும் பொங்கலும்.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அதற்காக நாள் முழுக்க மழை பெய்யும் என்று அர்த்தமில்லை. விலையும் அப்போதுதான் இறங்கும். ஆனால் படகு குலுங்கும், காற்று வாங்கும் மேற்குக் கரையில் அலை அடிக்கும். அந்தமானுக்கு மே நடுவுக்கு மேல் பருவமழை எட்டிவிடும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம் என்பதால் தீவுக்குத் தீவு ஓடும் படகுகள் நின்றுபோகலாம். தீபாவளி லீவுக்கு அந்தமான் போடுபவர்கள் கடைசியில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் குடும்பத்துக்கு ஏற்ற நேரம் பொங்கலை ஒட்டிய ஜனவரி, அடுத்தபடியாக ஏப்ரல். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் இருக்கும். பல ரிசார்ட்டுகள் அந்த நாட்களில் விருந்துக்குத் தனிக் கட்டணமும் கட்டாயமாக வாங்கும்.

தீவைப் பொறுத்தவரை, பெரியவர்கள் அதிகம் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கு அந்தமான் நல்ல தொடக்கம். பாஸ்போர்ட் வேண்டாம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் விமானம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் தமிழ் பேசுவது சாதாரணம். லட்சத்தீவுக்குப் பெரும்பாலும் கொச்சி வழி. நமக்குப் பக்கம், ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், தங்கும் இடங்களும் குறைவு. திட்டமிட நிறைய அவகாசம் உள்ளவர்களுக்கு அது சரி. கைக்குழந்தையோ, அடிக்கடி ஆஸ்பத்திரி போக வேண்டிய பெரியவரோ இருந்தால் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவை யோசியுங்கள். கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில் இருக்கிறது, இட்லி சாம்பாருக்கும் அலைய வேண்டாம். தெளிந்த கடலும் பவளப்பாறையும்தான் வேண்டும் என்றால் மாலத்தீவு. கேள்விகள் அதிகம் எழுவதும் அங்கே என்பதால் கீழே அதைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறேன்.

மூன்றாம் படி: வாசலில் இருக்கும் கடல் எப்படிப்பட்டது?

இதை அறைக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் தண்ணீர் பழகியது கிணற்றிலும் வாய்க்காலிலும். முதுகில் காலிக் கேனைக் கட்டிக் கிணற்றில் இறங்கியவர்கள், பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்காலிலும் கீழ்பவானியிலும் குதித்தவர்கள். அந்தத் தைரியத்தோடு கடலில் இறங்குவதுதான் எனக்குக் கவலை. கிணற்றுத் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் தண்ணீர் ஒரே பக்கம் போகும், கரை எப்போதும் எட்டும் தூரம்தான். கடலோ கரைக்கு வந்த தண்ணீரை ஒரு குறுகிய இடத்தில் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்துப் போவார். அந்த இழுப்பில் மாட்டினால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அதனால் குடும்பத்துக்கு வேண்டியது அகலமான, மணல் தரையுள்ள, ஆழமில்லாத காயல். மாலத்தீவுத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வளையமாக நிற்கும். வளையத்துக்குள் தண்ணீர் அமைதி. வளையத்தைத் தாண்டினால் தரை சட்டென்று இறங்கிவிடும். வளையம் கரைக்கு நெருக்கமாக இருக்கும் தீவை முக்குளிக்கிறவர்கள் தேடித் தேடிப் போவார்கள், இறங்கியதும் மீன் பார்க்கலாம் என்று. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகிறவர்களுக்கு அதே தீவு ஆகாது.

இதை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். கூகுள் மேப்ஸில் தீவின் பெயரைப் போட்டுச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். கரையை ஒட்டி வெளிர் பச்சையாக, பால் கலந்த மாதிரித் தெரிவது ஆழமில்லாத மணல். பழுப்புத் திட்டுகள் பவளமோ கடற்புல்லோ. கருநீலம் ஆழம். கருநீலம் கரைக்குப் பக்கத்தில் வந்து முட்டும் இடத்தில் எந்த வில்லா நிற்கிறது என்று பாருங்கள், அது வேண்டாம். வெளிர் வளையத்தை வெட்டிக்கொண்டு ஒரு நீலக் கோடு வெளியே போனால், தண்ணீர் உள்ளே வந்து போகும் வாய்க்கால் அது. இழுப்பு அங்கேதான். கரையோரம் கல் வரிசைகள் அடுக்கியிருந்தால் மணல் அரிக்கும் கரை என்று வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் இருக்கும் அகலமான கடற்கரை அந்தப் பக்கத்தில் இப்போது இருக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

அந்தமானில் இன்னொரு கணக்கு உண்டு. அங்கே ஏற்றவற்றம் பெரியது. ஹேவ்லாக் என்று நாம் சொல்லும் ஸ்வராஜ் தீவின் கிழக்குக் கரையில் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமுமாகக் கிடக்கும். காலையில் குளிக்கலாம் என்று குழந்தைகள் துண்டோடு நிற்கும்போது குளிக்கத் தண்ணீர் இருக்காது. மேற்கே இருக்கும் ராதாநகர் கடற்கரை மணல் கரை, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழை 2020-ல் வாங்கியது. விடுதி கிழக்கில் எடுத்தாலும் குளிக்க ராதாநகர் போக வண்டி கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். லட்சத்தீவில் மினிக்காய், கட்மத் கடற்கரைகளும் 2022-ல் அதே சான்றிதழ் பெற்றவை. அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் கரையில், யார் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள்.

கடற்கரையில் உயிர்காப்பாளர் இருக்கிறாரா, எத்தனை மணி வரை, நீச்சல் குளத்துக்கும் உண்டா என்று ரிசார்ட்டிடமே கேளுங்கள். பெரிய பெயருள்ள சில ரிசார்ட்டுகளில்கூடக் கரையில் ஆள் இருப்பதில்லை. குழந்தைகளுக்குத் தனியாக ஆழமில்லாத குளம் உண்டா என்பதும் தனிக் கேள்வி. கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான், உயிர்காக்காது. குழந்தையின் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டை இங்கிருந்தே வாங்கி, போட்டுப் பார்த்து, கவட்டி வாரோடு எடுத்துப் போங்கள். அங்கே கொடுப்பது பெரியவர் அளவில் இருந்தால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

நான்காம் படி: தண்ணீர் மேல் வில்லாவா, மணல் மேல் வில்லாவா?

மாலத்தீவு என்றதும் மனதில் வருவது கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் அந்த வில்லா. ஆசை எல்லோருக்கும் உண்டு, தப்பே இல்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கி மெதுவாகப் பாருங்கள். படுக்கை அறையின் கண்ணாடிக் கதவு பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. அதன் கொக்கி குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். கதவைத் தாண்டினால் மரத்தளம். தளத்தின் இரண்டு பக்கம் கைப்பிடி, மூன்றாம் பக்கம் வெறும் விளிம்பு, அங்கிருந்து நேராகக் கடலுக்குள் இறங்கும் ஏணிப்படி. தளத்தின் நடுவில் சின்னக் குளம், அதற்கும் வேலி இல்லை. ஒரு மூலையில் கடலுக்கு மேல் கட்டிய வலை. மதியம் சாப்பிட்டுக் கண் அசரும் பத்து நிமிடத்தில், விழித்துக்கொண்ட மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் கொக்கி மட்டும்தான் தடை.

இதனால்தான் பல ரிசார்ட்டுகள் தண்ணீர் வில்லாவுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. வேறு சில, குழந்தைக்கு எது நடந்தாலும் பெற்றோர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கின்றன. அந்தக் காகிதம் ரிசார்ட்டைக் காக்கும், உங்கள் குழந்தையைக் காக்காது. நன்றாக நீந்தத் தெரிந்த பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் எடுங்கள். அதற்குக் கீழே இருந்தால் மணல் வில்லாதான் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களுக்கும் அதே கதை. கரையிலிருந்து தண்ணீர் வில்லாவரை நீளமான மரப்பாலத்தில் நடக்க வேண்டும். இரவுச் சாப்பாடு முடித்து, அரை இருட்டில், கைப்பிடி இல்லாத பாலத்தில் அப்பாரு நடந்து வர வேண்டுமா என்று யோசியுங்கள்.

மணல் வில்லாவில் வாசலைத் திறந்தால் மணல். குழந்தை வீடு கட்டி விளையாடும், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நிழல் தரும் மரம் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னை மட்டும் இருந்தால் நிழல் போதாது, அது பொள்ளாச்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே முதல் அக்டோபர் வரை போனால் கிழக்குக் கரை வில்லா, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் மேற்குக் கரை வில்லா பொதுவாக அமைதியாக இருக்கும். சூரிய அஸ்தமனம் தெரியும் வில்லா என்று கூடுதல் விலை சொல்வார்கள். சாயங்கால வெயில் முழுக்க அந்த வாசலில்தான் விழும்.

குளியலறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே கூரை இல்லாத திறந்தவெளிக் குளியலறை அங்கே மிகச் சாதாரணம். மணலோடு வரும் பிள்ளைகளைக் கழுவிவிட வசதி. ஆனால் ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிற அம்மிச்சிக்கு, மழை பெய்து நனைந்த தரையில் நடப்பது ஆபத்து, கொசுவும் உண்டு. பெரியவர்கள் இருந்தால் கூரை போட்ட குளியலறையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உள்ள அறையாகக் கேளுங்கள்.

படுக்கை விஷயத்தில் வார்த்தைகளைக் கவனியுங்கள். கனெக்டிங் ரூம் என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ளேயே கதவு இருக்கும். அட்ஜசென்ட் ரூம் என்றால் வெறும் பக்கத்து அறை, வெளியே வந்துதான் போக வேண்டும். பதிவு சீட்டில் ரிக்வெஸ்ட் என்று இருந்தால் அது உறுதி இல்லை, இருந்தால் தருவோம் என்று பொருள். கன்ஃபர்ம்ட் என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபேமிலி வில்லா என்ற பெயரில் சில இடங்களில் ஒரே அறையில் ஒரு சோபா மட்டும் கூடுதலாக இருக்கும். தரை வரைபடம் கேட்டால் அனுப்புவார்கள். அதில் சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கூட்டமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மாஃபுஷி, துலுஸ்தூ மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. நாலைந்து அறைகளை ஒரே மாடியில் எடுத்துக்கொள்ளலாம். மளிகைக் கடை, சுகாதார மையம், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும் தூரத்தில். செலவு ரிசார்ட்டில் பாதிகூட ஆகாது. அங்கே மது கிடையாது, தெருவில் உடம்பை மூடிய உடை வேண்டும், நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவை எல்லாம் நிம்மதியான விஷயங்கள்தான்.

ஐந்தாம் படி: ஏர்போர்ட்டிலிருந்து அறை வரை

கோவையிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு நேரடி விமானம் இல்லை. கொச்சி நமக்கு வசதி, அங்கிருந்து மாலே ஒன்றரை மணி நேரம்தான். வாளையார், பாலக்காடு, குதிரான் குகை, திருச்சூர் வழியாக நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் கோவையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். சாலை வேலையும் நெரிசலும் இருக்கும், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் ரயிலில் ஆலுவாயில் இறங்கினால் விமான நிலையம் பக்கம்.

மாலேயில் இறங்கிய பிறகுதான் முக்கியமான பகுதி. தூரத் தீவுகளுக்குச் சீப்ளேன், அதாவது கடல் தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானம் போகும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை மூன்றரை, நாலு மணிக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்குப் பறக்க முடியாமல், ஒரு ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்க வேண்டி வரலாம். அந்த அறைக் காசும், ரிசார்ட்டில் தங்காமலே போன ஒரு ராத்திரிக் காசும் நம் தலையில் விழும். அதனால் விமான டிக்கெட்டும் ரிசார்ட்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் போட வேண்டும். சீப்ளேனில் ஆளுக்குப் பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான். இரைச்சல் அதிகம், கைக்குழந்தைக்குக் காதை மூடும் ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு என் பரிந்துரை, மாலேயிலிருந்து வேகப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய ரிசார்ட். ராத்திரியிலும் படகு ஓடும், சீப்ளேன் காசு மிச்சம், அவசரத்துக்கு மாலே ஆஸ்பத்திரி பக்கம். கர்ப்பிணிகளும் முதுகுத்தண்டு வலி உள்ளவர்களும் குலுங்கும் வேகப்படகைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயணியர் விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை உண்டு. பழனியில் வாங்கிய முருகனைப் பையில் வைத்துக்கொண்டே போகும் பழக்கமுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சாப்பாட்டுத் திட்டம்

காலைச் சாப்பாடு மட்டும், காலையும் இரவும் சேர்த்த ஹாஃப் போர்டு, மூன்று வேளைக்கும் ஃபுல் போர்டு, குடிபானங்களோடு ஆல் இன்க்ளூசிவ் என்று நான்கு வகை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஃபுல் போர்டு குறையாமல் இருக்கட்டும். வெளியே கடை இல்லாத தீவில் மதியத்துக்குத் தனியாக ஆர்டர் செய்தால் ஒரு பாஸ்தா விலையில் இங்கே வீட்டுக்கே விருந்து வைக்கலாம். ஆல் இன்க்ளூசிவ் விலையில் பெரும்பகுதி மதுவுக்கு. குடிக்காத குடும்பத்துக்கு அது பெரும்பாலும் வீண். ஃபுல் போர்டில் குடிதண்ணீர் சேருமா, நாலு மணிக்குக் காபியும் பிள்ளைகளுக்குப் பலகாரமும் கிடைக்குமா என்று கேளுங்கள். நம் வீட்டில் அந்த நாலு மணி தவறினால் என்ன ஆகும் என்று தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்களும், புரட்டாசியில் போகிறவர்களும் வெறுமனே வெஜிடேரியன் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மாலத்தீவுச் சமையலில் மாசிக் கருவாடு குழம்பிலும் சம்பலிலும் பொடியாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முட்டை, மீன், மாசி, மீன் சாஸ் எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இந்தியச் சமையல்காரர் இருக்கிறாரா, குழந்தைக்குக் காரமில்லாத பருப்பும் சாதமும் தயிரும் கேட்டால் கிடைக்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரு டப்பா பருப்புப் பொடி, சின்னவர்களுக்குச் சத்துமாவு, கொஞ்சம் நெய் எடுத்துப் போனால் போதும். அறையில் கெட்டில் இருக்கும், சமைக்கும் அடுப்பு எடுத்துப் போகக்கூடாது. அரிசியும் பருப்பும் சாதத்தை ஊர் திரும்பிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் படி: விலையைப் படிப்பது

ரிசார்ட் விலைக்குப் பக்கத்தில் பிளஸ் பிளஸ் என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதன் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். 100 டாலர் அறை முதலில் 110 ஆகி, பிறகு 128 டாலர் 70 சென்ட் ஆகும். சாப்பாடும் படகுப் பயணமும் பில்லில் ஏறும்போதும் இதே பெருக்கல்தான்.

அதுபோக பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், உள்ளூர்த் தீவுகளில் உள்ள சின்ன விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. நாலு பேர், நாலு ராத்திரி ரிசார்ட் என்றால் 192 டாலர். இதைப் பல பேர் அறையைக் காலி செய்யும்போதுதான் பார்க்கிறார்கள்.

ஏஜென்டிடம் பேசும்போது, "ஏனுங்க, சீப்ளேன், பசுமை வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுங்க? எழுத்தில் அனுப்புங்க" என்று கேளுங்கள். அந்த ஒரே எண்ணை வைத்துத்தான் இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிட வேண்டும். இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாகும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையைக் குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. கிளம்பும் முன்தினம் ஒரு காய்ச்சல் போதும்.

எட்டாம் படி: டாக்டர்

தீவிலேயே டாக்டர் தங்கியிருக்கிறாரா, நர்ஸ் மட்டுமா? ராத்திரி அவசரம் என்றால் எந்தப் படகு, மாலேவுக்கு எத்தனை நேரம்? சீப்ளேன் தீவில் இந்தக் கேள்வி இரட்டிப்பு முக்கியம், இருட்டியதும் அது பறக்காது. அந்தமானில் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஸ்ரீ விஜயபுரத்தில்தான் இருக்கிறது. மற்ற தீவுகளிலிருந்து படகில் வர வேண்டும். பயணக் காப்பீட்டில் அவசரமாக ஆளை அப்புறப்படுத்தும் செலவு சேர்ந்திருக்கிறதா, பெரியவர்களின் பழைய நோய்களை ஏற்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பவளம் கீறினால் புண் சீக்கிரம் ஆறாது. எல்லோருக்கும் கடல் செருப்பு வாங்கிவிடுங்கள்.

ரிசார்ட்டில் குழந்தைகளை விளையாட விட்டுப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் நாலு முதல் பன்னிரண்டு வயது வரை இலவசம், அதற்குக் கீழே இருந்தால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும் அல்லது மணிக் கணக்கில் ஆயாவுக்குக் காசு. தமிழில் மட்டுமே பேசும் குழந்தை அங்கே தனியாக உட்காருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: ரிசார்ட்டுக்கு ஒரு கடிதம்

முன்பணம் கட்டும் முன் ரிசார்ட்டுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏஜென்ட் இருந்தாலும் சரி. எளிய ஆங்கிலம் போதும். விஷயம் இப்படி இருக்கட்டும்: "நாங்கள் ஆறு பேர். வயது 68, 63, 38, 34, 9, 3. சைவம், முட்டையும் மீனும் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்ற, மணல் தரையும் ஆழமில்லாத கடலும் உள்ள கரையில் எந்த எண் வில்லாக்கள் இருக்கின்றன? கதவுக்கு மேல்தாழ் உண்டா? இரண்டு வில்லாக்களும் பக்கத்துப் பக்கத்தில் உறுதியாகத் தர முடியுமா? படகுத்துறையிலிருந்து அறைவரை பேட்டரி வண்டி வருமா? நாங்கள் வரும் தேதிகளில் கட்டட வேலை நடக்கிறதா?"

பதில் வரும் விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வில்லா எண்ணைக் குறிப்பிட்டு, முடியாததை முடியாது என்று எழுதுபவர்கள் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர்கள். எல்லாவற்றுக்கும் பிரச்சினை இல்லை என்று ஒரு வரியில் முடிப்பவர்களை நான் நம்ப மாட்டேன். அதோடு, விருந்தினர் எழுதிய கருத்துகளில் குடும்பமாகப் போனவர்கள் எழுதியதை மட்டும் பிரித்து, நீங்கள் போகும் அதே மாதத்தில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள்.

பத்தாம் படி: அறைக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரம்

பிள்ளைகள் கடலைப் பார்த்ததும் ஓடப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் அவர்களோடு வாசலில் நிற்கட்டும். இன்னொருவர் உள்ளே போய்க் கதவுத் தாழ், குளத்துக்குப் போகும் வழி, குளியலறைத் தரை, சுடுதண்ணீர் கொதிநிலையில் வருகிறதா, ஏசி, கொசுவலை எல்லாம் பார்க்க வேண்டும். தாழ் சரியில்லை, பக்கத்து வில்லா என்று எழுதிக் கொடுத்துவிட்டு எங்கோ கொடுத்திருக்கிறார்கள் என்றால், பெட்டியைத் திறக்காதீர்கள். அறைக்கு அழைத்து வந்த ஊழியர் நிற்கும்போதே மின்னஞ்சலைக் காட்டி வேறு வில்லா கேளுங்கள். துணிமணி எடுத்து வைத்துக் குழந்தைகள் மணலில் இறங்கிவிட்டால் அப்புறம் யாருக்கும் மாற மனசு வராது. மாற்றித் தர அன்றைக்கு அறை இல்லை என்றால், கதவுக்கு மேலே ஒரு தாழ் அடித்துத் தரச் சொல்லுங்கள். தச்சர் இல்லாத ரிசார்ட் இல்லை, ஒரு மணி நேர வேலைதான். அது முடியும்வரை கடல் பக்கக் கதவுக்கு முன்னால் சோபாவை இழுத்துப் போட்டு வையுங்கள்.